படத்தில் அறுந்த பாதையும் லேத் பிடிக்கும் கையும்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். என் தம்பிக்கு 34 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் டர்னராக இருக்கிறான். மூன்று மாதத்துக்கு முன்னால் வேலை நேரத்தில் வலது கை தானாக உதற ஆரம்பித்து, சற்று நேரத்தில் ஃபிட்ஸ் வந்து விழுந்துவிட்டான். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் இடது பக்கம் கட்டி இருப்பது தெரிந்தது. மெதுவாக வளரும் வகை போலத் தெரிகிறது, கை அசைவுக்கான இடத்தை ஒட்டி இருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படும் என்றார்கள். நரம்புப் பாதைகளைக் காட்டும் ஸ்பெஷல் ஸ்கேனும் எடுத்தார்கள். அதில் இடது பக்கத்து நீலக் கோடு கட்டிக்குக் கிட்டே வந்து அறுந்து நிற்கிறது. ரிப்போர்ட்டில் வலது பக்கம் 940 இழை, இடது பக்கம் 212 இழை என்று போட்டிருக்கிறது. பயந்துபோய் மூன்று வாரம் கழித்து வேறு இடத்தில் காட்டினோம். அங்கே எடுத்த படத்தில் பாதை அறுபடாமல் கட்டியைச் சுற்றிக்கொண்டு போகிறது. 'நரம்பு ஏற்கெனவே போய்விட்டது, கத்தி வைத்தால் கை விழுந்துவிடும்' என்கிறார் சித்தப்பா. 'இரண்டாவது படம் சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை' என்கிறார் தம்பி மனைவியின் அண்ணன். தம்பி இன்றைக்கும் அந்தக் கையால் எல்லா வேலையும் செய்கிறான். எதை நம்புவது? மூன்றாவதாக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா? அடுத்த வாரம் சர்ஜனைப் பார்க்கப் போகிறோம்.

- ஒரு வாசகி, கொரட்டூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியின் கை சரியாக வேலை செய்கிறது என்றால் கைக்கான நரம்புப் பாதை உயிரோடு இருக்கிறது. முதல் படத்தில் கோடு அறுந்திருப்பதால் நரம்பு அறுந்துவிட்டது என்று ஆகாது. அதே காரணத்தால், இரண்டாவது படத்தில் கோடு அழகாக வளைந்து போவதால் நரம்பும் அப்படியேதான் போகிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. சித்தப்பா, மைத்துனர் இருவருமே அந்தக் கோட்டை நரம்பின் போட்டோ என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது போட்டோ இல்லை.

நான் சென்னையில் நரம்பியல் ஸ்கேன்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர். இந்த வண்ணப் படங்களைத் தினமும் என் கையால் உருவாக்குகிறேன். அவை எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தானாகத் தீரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஸ்கேனின் பெயர் டி.டி.ஐ. அதிலிருந்து கோடு வரையும் வேலைக்கு டிராக்டோகிராஃபி என்று பெயர். எம்.ஆர்.ஐ. மெஷின் நரம்பைப் பார்ப்பதில்லை, தண்ணீரைப் பார்க்கிறது. மூளையில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கின்றன. விளக்குத் திரியின் நுனியை எண்ணெயில் வைத்தால் எண்ணெய் நூலின் வாக்கில்தான் ஏறும், குறுக்கே அவ்வளவு சுலபமாகப் பரவாது. நரம்பிழைகள் கற்றையாக ஓடும் இடத்திலும் அப்படித்தான். இழையின் நீளவாக்கில் தண்ணீர் தாராளமாக நகரும், குறுக்கே நகர இழைகளின் சவ்வும் அவற்றைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையும் தடுக்கும். மெஷின் பல திசைகளில் இந்த நகர்வை அளந்து, ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம் அதிகம் நகர்கிறது என்று ஒரு எண் தருகிறது. இந்தக் கணக்கைப் பீட்டர் பாஸர், ஜேம்ஸ் மாட்டியெல்லோ, டெனி லெ பிஹான் ஆகியோர் 1994-ல் முறைப்படுத்தி வெளியிட்டார்கள். கோடு வரையும் முறைகள் 1999-ஐ ஒட்டி வந்தன. மூளையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்குள் தண்ணீர் போகும் திசையைப் பிடித்து அடுத்த கட்டத்துக்கு நகர்வது, அங்கே உள்ள திசையைப் பார்த்து அதற்கடுத்த கட்டத்துக்கு நகர்வது. இப்படித் தொடர்ந்து போன தடத்தைத்தான் கம்ப்யூட்டர் கோடாக வரைந்து காட்டுகிறது.

வண்ணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் சிவப்பைக் கண்டதும் கலங்கிப்போகிறார்கள். சிவப்பு என்றால் இடமிருந்து வலம், பச்சை என்றால் முன்னிருந்து பின், நீலம் என்றால் மேலிருந்து கீழ். அவ்வளவுதான். கைக்கும் காலுக்கும் கட்டளை கொண்டுபோகும் பாதை மூளையின் மேற்பரப்பிலிருந்து கீழே முதுகுத்தண்டுக்கு இறங்குவதால் நீலமாகத் தெரிகிறது. நிறத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை.

இப்போது துல்லியத்துக்கு வருவோம். இதை உங்களைவிட உங்கள் தம்பி சுலபமாகப் புரிந்துகொள்வார். அவர் கையில் பிடிக்கும் வெர்னியருக்கு லீஸ்ட் கவுண்ட், அதாவது அதால் அளக்க முடிகிற மிகச் சின்ன அளவு, 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டருக்கு 0.01 மில்லிமீட்டர் இருக்கும். மருத்துவமனைகளில் எடுக்கும் டி.டி.ஐ.யில் ஒரு கட்டம் என்பது பொதுவாகப் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் உள்ள சின்னக் கனசதுரம். ஒரு நரம்பிழையின் தடிமனோ சுமார் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் லட்சக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. தண்ணீர் நகர்வது சில மைக்ரான் தூரம்தான் என்றாலும், நம் கைக்கு வருவது அந்தக் கட்டம் முழுவதற்குமான சராசரி. பட்டறையில் அடிஸ்கேலைக் கொடுத்து மைக்ரான் கணக்கில் ஷாஃப்ட் அளக்கச் சொன்னால் தம்பி என்ன சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு கட்டத்தில் இருக்கும் இழைகள் எல்லாம் ஒரே திசையில் போனால் சராசரி பிரச்சினை செய்யாது. இடத்துக்கு இடம் அது மாறும்போதுதான் சிக்கல். கத்திப்பாராவை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணா சாலை, விமான நிலையத்துக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலை, கோயம்பேட்டுக்குப் போகும் நூறடி சாலை, பூந்தமல்லி சாலை நான்கும் அங்கே கூடுகின்றன. உங்கள் கண்ணைக் கட்டிவிட்டு, அந்த இடத்தில் வண்டிகள் மொத்தமாக எந்தப் பக்கம் போகின்றன என்ற ஒரே ஒரு சராசரியை மட்டும் கொடுத்தால் என்ன தெரியும்? எல்லாப் பக்கமும் சமமாகப் போகின்றன என்று வரும். அதை வைத்து, இங்கே சாலையே இல்லை, வெறும் மைதானம் என்று கூட ஒருவர் முடிவு செய்துவிடலாம். அண்ணா சாலையிலிருந்து வரும் வண்டி பூந்தமல்லிக்குத் திரும்புகிறதா, நேரே விமான நிலையத்துக்குப் போகிறதா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மூளையில் இப்படிப்பட்ட சந்திப்புகள் அபூர்வம் என்றுதான் ஆரம்பத்தில் பலர் நம்பினோம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, மூளையில் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள் பகுதியின் கட்டங்களில் 60 முதல் 90 சதவீதம் வரை ஒன்றுக்கு மேற்பட்ட திசை இழைகள் கலந்திருக்கின்றன என்று காட்டியது. அதாவது பெரும்பாலான இடம் கத்திப்பாராதான்.

இதில் உங்கள் தம்பிக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் ஒன்று இருக்கிறது. கட்டளைப் பாதை கீழே இறங்கும் வழியில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பெரிய கற்றை குறுக்கே வருகிறது. முன்னும் பின்னுமாக ஓடும் நீண்ட கற்றை ஒன்றும் அங்கேயே வருகிறது. காலுக்கான இழைகள் மூளையின் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் தப்பித்துவிடுகின்றன. கைக்கும் முகத்துக்குமான இழைகள் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து வருவதால் இந்தச் சந்திப்புக்குள் நேராக மாட்டிக்கொள்கின்றன. சாதாரண டி.டி.ஐ. கணக்கு அங்கே வந்ததும் தடுமாறும். ஒரு நோயும் இல்லாத ஆரோக்கியமான ஆளுக்கு எடுத்தாலும், காலுக்கான இழைகள் கொத்தாக வரும், கைக்கான இழைகள் ஒன்றிரண்டு வரும் அல்லது வரவே வராது. அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள வலப்பக்க 940 கூட முழுக் கணக்கு இல்லை. நீங்கள் கவலைப்படுவது கையைப் பற்றி. அந்தப் படம் மிகவும் பலவீனமாக இருப்பதும் கை விஷயத்தில்தான்.

அந்த எண்களை மறந்துவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். 212 நரம்பு, 940 நரம்பு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எத்தனை கோடு புறப்பட வேண்டும் என்று நாங்கள்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறோம். ஒன்றுக்குப் பதில் பத்து என்று மாற்றினால் 940 என்பது ஆயிரக்கணக்கில் போய்விடும். கோடுகளின் எண்ணிக்கையை நோயாளியின் ரிப்போர்ட்டில் அச்சிடும் பழக்கமே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. அதைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் ராத்தூக்கம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சரி, முதல் படத்தில் கோடு ஏன் கட்டியின் பக்கத்தில் வந்து நின்றது? கட்டி இருக்கும் இடத்திலும் அதைச் சுற்றிய வீக்கத்திலும் தண்ணீர் அதிகமாக ஊறியிருக்கும். மழை வெள்ளத்தில் தெரு, நடைபாதை, சாக்கடை எல்லாம் ஒன்றாகிவிடுவதுபோல், அங்கே தண்ணீருக்குத் திசை மங்கிவிடும். திசைத்தன்மை, அதாவது தண்ணீர் ஒரே வாக்கில் நகர்வதை 0 முதல் 1 வரை காட்டும் எண், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கோட்டை நிறுத்திவிடு என்று கணக்கில் ஒரு கட்டளை உண்டு. 0.2 என்று வைப்பவர்கள் உண்டு, 0.15 என்று வைப்பவர்களும் உண்டு. அந்த எல்லைக்கோட்டைத் தொட்டதும் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. நரம்பிழைகள் அந்த வெள்ளத்துக்குள்ளும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கலாம், செய்தியும் கடத்திக்கொண்டிருக்கலாம். மெதுவாக வளரும் கட்டிகளில், கட்டிக்கு உள்ளேயே வேலை செய்யும் இழைகள் ஓடுவதை அறுவை அரங்கில் சர்ஜன்கள் பார்க்கிறார்கள்.

இரண்டாவது இடத்தில் வேறு மாதிரி வந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அளந்த திசைகள் அதிகமாக இருந்திருக்கலாம். இந்தக் கணக்குக்குக் குறைந்தது 6 திசை வேண்டும், மருத்துவமனைகளில் 30, 64 என்றும் எடுக்கிறார்கள். ஒரே கட்டத்துக்குள் கலந்திருக்கும் பல திசைகளைப் பிரித்துப் பார்க்கும் புதிய கணக்குமுறையை அவர்கள் பயன்படுத்தியிருக்கலாம். நிறுத்தும் எல்லையைத் தளர்த்தியிருக்கலாம். கோடு எங்கிருந்து புறப்பட வேண்டும் என்று திரையில் குறிப்பது பெரும்பாலும் ஒரு மனிதரின் கை. அந்தக் கை சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே படம் மாறும். ஸ்கேனுக்குள் தலை கொஞ்சம் அசைந்தாலும் மாறும். இடையில் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அதனாலும் மாறியிருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட நரம்பு மாறியதால் வந்த மாற்றம் இல்லை.

எல்லையைத் தளர்த்துவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அறுந்து நிற்கும் கோடு கண்ணுக்கு உறுத்தும், நம்மை யோசிக்க வைக்கும். தொடர்ந்து ஓடும் கோடு யாரையும் உறுத்தாது. ஆனால் சந்திப்பில் வழிதவறிப் பக்கத்துக் கற்றைக்குள் தாவி ஓடிய கோடும் அதே வழவழப்போடுதான் தெரியும். இது எவ்வளவு நடக்கிறது என்று பார்க்கவே ஒரு பெரிய சோதனை நடந்தது. விடை முன்கூட்டியே தெரிந்த, கம்ப்யூட்டரில் உருவாக்கிய மூளைத் தரவு ஒன்றை எடுத்தார்கள். அதில் 25 கற்றைகள். உலகெங்கும் 20 ஆய்வுக்குழுக்கள் அவரவர் முறையில் பாதை கண்டுபிடித்து 96 விடைகள் அனுப்பின. 2017-ல் முடிவு வெளியானது. இருக்கும் கற்றைகளில் 90 சதவீதத்தைப் பெரும்பாலான முறைகள் கொஞ்சமாவது கண்டுபிடித்துவிட்டன. ஆனால் அதே விடைகளில், உண்மையான கற்றைகளைவிட இல்லாத கற்றைகள் அதிகமாக இருந்தன. அந்தப் பொய்க் கற்றைகளில் பாதி, ஒரு குழு மட்டும் செய்த தவறாக இல்லாமல், குழுவுக்குக் குழு திரும்பத் திரும்ப வந்தன. சந்திப்பின் அமைப்பே எல்லோரையும் ஒரே பக்கம் வழிமாற்றி விடுகிறது. அதனால்தான் உங்களுடைய மூன்றாவது ஸ்கேன் யோசனைக்கு நான் தலையசைக்க மாட்டேன். இரண்டுக்கு ஒன்று என்று ஓட்டுப் போட்டு உண்மையைக் கண்டுபிடிக்கும் இடம் இது இல்லை. சர்ஜனே காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள். மன ஆறுதலுக்காகப் பணம் கொடுத்து எடுக்காதீர்கள்.

உண்மையான பாதை எது என்று உறுதியாகப் பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றை உயிருள்ள மனிதரிடம் செய்ய முடியாது. 1930-களில் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் யோசெஃப் கிளிங்லர், பதப்படுத்திய மூளையை உறைய வைத்தார். இழைகளுக்கு நடுவே பனிப்படிகம் உருவாகி அவற்றை விலக்கும். பிறகு கற்றைகளை ஒவ்வொன்றாக உரித்து எடுக்கலாம். இன்றைக்கும் நரம்பியல் அறுவை படிப்பவர்கள் அந்த முறையில் பயிற்சி எடுக்கிறார்கள். குரங்குகளில் சாயம் செலுத்தி அது எந்த இழை வழியே எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்து, அதோடு ஸ்கேன் கோடுகளை ஒப்பிட்டார்கள். 2014-ல் வெளிவந்த அப்படிப்பட்ட ஒப்பீடு ஒன்று, கணக்கை எவ்வளவு மேம்படுத்தினாலும் இந்த முறைக்கு உள்ளார்ந்த எல்லை உண்டு என்றே சொன்னது: உண்மைப் பாதைகளைத் தவறவிடாமல் பிடிக்கப் போனால் பொய்ப் பாதைகள் சேரும், பொய்யைத் தவிர்க்கப் போனால் உண்மை விட்டுப்போகும். நம் ஊரிலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருந்த சிசுக்களின் மூளையை 5,132 வெட்டுகளாக, செல் அளவில் பார்க்கும்படி, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்குத் திறந்து வைத்தது. செல்லைப் பார்க்க வேண்டுமென்றால் அத்தனை வெட்டு வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பி மெஷினுக்குள் சில நிமிடம் படுத்து எழுந்ததில் கிடைத்த படத்திடம் அதே துல்லியத்தைக் கேட்க முடியாது.

இவ்வளவும் சொன்னதால் அந்த ஸ்கேன் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வீணாக இருந்தால் நான் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்க மாட்டேன். பெரிய கற்றையின் நடுத்தண்டு எங்கே இருக்கிறது, கட்டி அதை முன்னால் தள்ளியிருக்கிறதா பின்னால் தள்ளியிருக்கிறதா, எந்தப் பக்கமிருந்து உள்ளே போனால் ஆபத்து குறைவு என்ற கேள்விகளுக்கு அது நல்ல வழிகாட்டி. ஷாங்காயில் 238 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தப் பாதைப் படத்தை, அறுவையின்போது சர்ஜனுக்குத் திரையில் வழிகாட்டும் நேவிகேஷன் கருவியில் ஏற்றியும் மற்றவர்களுக்கு ஏற்றாமலும் அறுவை செய்து பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. படம் இல்லாத பிரிவில் அறுவைக்குப் பின் கை கால் அசைவு மோசமானது 32.8 சதவீதம் பேருக்கு. படம் இருந்த பிரிவில் 15.3 சதவீதம். இது சின்ன வித்தியாசம் இல்லை. உங்கள் இரண்டு படங்களிலும் ஒத்துப்போகும் பகுதி எது என்று பாருங்கள்: கட்டிக்குக் கீழே பாதை எங்கே ஓடுகிறது என்பது இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தகவல் சர்ஜனுக்கு மிகவும் உதவும்.

ஆனால் படம் அறுவைக்கு முந்தின நாள் மூளையைக் காட்டுகிறது. மண்டையோட்டைத் திறந்து, உறையை வெட்டி, நீர் வடிந்ததும் மூளை சற்றே அமுங்கி நகரும். கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகரும். சில நேரம் ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேலும். கம்ப்யூட்டர் திரையில் உள்ள பாதை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். அதனால் அந்த நேரத்தில் சர்ஜன் நம்புவது இன்னொரு சோதனையை: மின் தூண்டல். கட்டியை எடுத்துக்கொண்டே போகும்போது ஒரு மெல்லிய முனையால் குறைந்த மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். கை தசையில் அசைவோ சிக்னலோ வந்தால் பாதை பக்கத்தில் இருக்கிறது. பொதுவான கைக்கணக்கு ஒன்று உண்டு: ஒரு மில்லி ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூரம். 10 மில்லி ஆம்பியரில் அசைவு வந்தால் இன்னும் இடமிருக்கிறது. 3-ல் வந்தால் மிகவும் நெருங்கிவிட்டோம். இப்படித் தூண்டிப் பார்த்துச் செய்யும் அறுவைகளையும் பாராமல் செய்தவற்றையும் பற்றிய ஆய்வுகளை, 8,091 நோயாளிகள் அளவுக்கு, 2012-ல் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். நிரந்தரமான கடுமையான பாதிப்பு, தூண்டல் செய்தவர்களில் 3.4 சதவீதம், செய்யாதவர்களில் 8.2 சதவீதம். அடுத்த வாரம் சர்ஜனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எந்தப் படம் சரி' என்பது இல்லை. 'அறுவையின்போது மின் தூண்டல் வைத்துப் பாதையைப் பார்ப்பீர்களா?' என்பதுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பயிற்சி முடித்த புதிதில், ஒரு பள்ளி ஆசிரியைக்கு நான் எழுதிய ரிப்போர்ட்டில் 'பாதை துண்டிக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, இனி ஆபரேஷன் செய்து என்ன பயன் என்று அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டது. எட்டு மாதம் கழித்து வந்தபோது கட்டி வளர்ந்திருந்தது. அறுவை அரங்கில் நானும் நின்றேன். துண்டிக்கப்பட்டது என்று நான் எழுதிய அதே இடத்தில் சர்ஜன் முனையை வைத்ததும் அந்த அம்மாவின் பாதம் அசைந்தது. அந்த எட்டு மாதத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்ற நினைப்பு இன்றுவரை போகவில்லை. அதற்குப் பிறகு 'இந்தக் கணக்குமுறையில் இவ்விடத்தில் பாதை தெரியவில்லை. நரம்பு இல்லை என்று பொருளில்லை' என்றுதான் எழுதுகிறேன். உங்கள் தம்பியின் முதல் ரிப்போர்ட்டிலும் அந்த வரி இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியபோது எம்.ஆர்.ஐ. கிடையாது, சி.டி. ஸ்கேனும் கிடையாது. சி.டி.யில் முதல் நோயாளியைப் படமெடுத்ததே 1971-ல்தான். அந்தத் தலைமுறை டாக்டர்கள் நோயாளியின் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்து, விரல்களைத் தனித்தனியாக அசைக்கச் சொல்லி, நடக்க வைத்துப் பார்த்து, கட்டி எங்கே இருக்கும் என்று கணித்தார்கள். இன்று அந்தச் சோதனைக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. உங்கள் தம்பியின் விரல்கள் தரும் தகவல், இரண்டு ஸ்கேன் படங்களிலும் இருக்கும் தகவலைவிட நேரடியானது.

இன்னொன்றும் கேளுங்கள். கட்டி இடது பக்கம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடது பக்கத்தில்தான். பேச்சுப் பகுதிக்கும் கட்டி நெருக்கமா என்று சர்ஜன் சொல்வார். நெருக்கம் என்றால், நோயாளியை விழிக்க வைத்துப் பேசவிட்டுக்கொண்டே செய்யும் அறுவையைப் பற்றிப் பேச்சு வரும். கேட்கப் பயங்கரமாக இருக்கும். மூளைக்கு வலி உணர்வு கிடையாது, தோலுக்கும் உறைக்கும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அப்படிச் செய்தால் பெயர் சொல்லும் சோதனை, எண்ணும் சோதனை எல்லாம் தம்பி வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் கேட்டு அவர் திணறினால், அது கட்டியாலா பழக்கமின்மையாலா என்று யாருக்கும் தெரியாது.

ஃபிட்ஸ் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. டாக்டர் சம்மதம் சொல்லும்வரை அவர் லேத் முன்னால் நிற்க வேண்டாம், வண்டியும் ஓட்ட வேண்டாம். அவரால் முடியும் என்று தோன்றும், முதலாளியும் கூப்பிடுவார், இருந்தாலும் வேண்டாம். வலது கை புதிதாகப் பலவீனமானாலோ, உதறல் நிற்காமல் தொடர்ந்தாலோ அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சர்ஜனிடம் போகும்போது ஃபிலிமை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், இரண்டு இடத்திலும் ஸ்கேனைப் பதிவு செய்த சி.டி. வட்டையும் கேட்டு வாங்கிப் போங்கள். ஃபிலிமில் இருப்பது யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து அச்சிட்ட சில கோணங்கள். சி.டி.யில் டி.டி.ஐ. தரவு முழுமையாகப் பதிவாகியிருந்தால், அவர்களுடைய கதிரியக்க மருத்துவர் ஒரே முறையில் இரண்டையும் மறுபடி கணக்கிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். 'மூல டி.டி.ஐ. தரவோடு சி.டி. வேண்டும்' என்று ஸ்கேன் சென்டரில் சொல்லுங்கள்; சில இடங்களில் கேட்டால்தான் தருவார்கள்.

தம்பியை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்களும் சித்தப்பாவும் மட்டும் உள்ளே போக வேண்டாம். அவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சர்ஜனுக்கு அது முக்கியம். எந்த வேலைக்கு எந்த விரல் வேண்டும், டூல் செட் பண்ணும்போது எந்தக் கை நுணுக்கமாக அசைகிறது, வெர்னியரை எந்தக் கையில் பிடித்து எந்தக் கட்டைவிரலால் நகர்த்துகிறார் என்பதை அவரே செய்து காட்டட்டும்.